படகுக்காரன் எழுந்துவிட்டான் என்கிறார் அண்ணி

பிரியமுள்ள அண்ணா,

நீங்கள் போன பிறகும் உங்கள் ஜப்பான் படக்கதைப் பத்திரிகை மலைமேல் ஆலத்தூர் நாட்டில் இருக்கும் நம் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. நகோயாவில் உங்களோடு வேலை பார்த்த ஹிரோஷி விடாமல் அனுப்பினார். அண்ணிக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. ஜப்பான் முறைப்படி, நமக்குக் கடைசியாகத் தெரியும் அட்டையிலிருந்து திறந்து, நீங்கள் விரல் வைத்துத் தமிழில் சொன்ன படகுக்காரன் கதையை, இப்போது படங்களை மட்டும் பார்த்துத் தொடர்ந்தார். மிளகு பறிக்க ஆள் வந்து நின்றாலும், "இருங்க, அந்தப் படகுக்காரனைப் பாத்துட்டு வாரேன்" என்பார்.

முதலில் பத்திரிகை மெலிந்தது. பிறகு ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் வந்தது. ரயிலில் இப்போது பத்திரிகையை விரிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், செல்போனில் கட்டம் கட்டமாகப் பார்க்கிறார்கள் என்று ஹிரோஷி போனில் சொன்னார். கடைசியில் அச்சே நின்றது. இனி நெட்டில் மட்டும். நின்றுபோன இதழில் படகுக்காரன் காய்ச்சலில் படுத்திருந்தான்.

தாளில் தொடங்கிய கதையைத் தாளிலேயே முடித்தால் என்ன? எனக்குக் கோபம். அண்ணிக்கு இல்லை.

"நெட்டுல வந்தா நெட்டுல பாக்கறது, அம்மிணி. பேளுக்குறிச்சியில கம்ப்யூட்டர் கடை இருக்குதல்ல?"

போனேன். கடை வைத்திருக்கும் மும்தாஜ் திரையைப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்க டீச்சர், உங்களுக்கும் பொம்மைக் கதையா?" பக்கங்களை வரிசையாக அச்செடுத்து, நம் புத்தகங்களைப் போல இடப்பக்கம் கம்பிச் சுருள் போட்டுக் கொடுத்தார். அதை அண்ணி கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த முறை போனபோது அண்ணி சாமைப் பாயசம் வைத்திருந்தார்.

"பொழைச்சுட்டான் அம்மிணி. மொதல்ல பாய் வெறுமனே கெடக்குது, அவன் போயிட்டான்னே நெனச்சேன். அப்பறம் பாத்தா படுத்திருக்கான், கண்ணு முழிக்கறான், எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிக்கறான்."

வாங்கிப் புரட்டினேன். நீங்கள் பழக்கியபடி அவர் கடைசி அட்டையிலிருந்து தொடங்கியிருக்கிறார். கடைசிப் பக்கம் முதலாகிவிட்டது. முறைப்படி பார்த்தால் அவன் கஞ்சி குடிக்கிறான், படுக்கிறான், கண்ணை மூடுகிறான். பிறகு வெறும் பாய்.

பாயசத்தைக் குடித்துவிட்டு, அதைச் சொல்லாமலே பஸ் ஏறினேன்.

அதிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. பாடம் நடத்துகிறேன், நடுவில் வாக்கியம் அறுந்துபோகிறது. சொல்லாமல் விட்டால் என்ன கெட்டுவிடும்? ஆனால் அடுத்த பகுதியும் வந்துவிட்டது. நேற்று திரையில் பார்த்தேன். அவன் மனைவி தனியாகப் படகைத் தள்ளுகிறாள். அவன் எங்கே என்று அண்ணி என்னைத்தானே கேட்பார்?

நீங்கள் ஆஸ்பத்திரியில் கண்மூடிய சேதியைப் பெரியவர்கள் அண்ணியிடம் உடனே சொல்லவில்லை. பெண்பிள்ளை தாங்கமாட்டாள் என்று தள்ளிப்போட்டார்கள். தெரிந்ததும் அண்ணி அழுவதற்கு முன்னால் ஒன்று கேட்டார்: "எனக்குத் தெம்பில்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" இப்போது பாயசம் வைக்கிறவரிடம் நானும் அதையே செய்வதா? அல்லது, இது வெறும் கதைதான் என்று விட்டுவிடுவதா? நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை மலையேறுகிறேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, சரியான முதல் பக்கத்திலிருந்து காட்டுவேன், வெறும் பாய் வரைக்கும். காட்டிவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்கு ஓடமாட்டேன். அன்றைக்கு அங்கேயே தங்குவேன், அண்ணா.

உங்களுக்குப் பின்னால் பிறந்தவள்,
சரசு