ஒட்டுசுட்டான் அம்மாவின் பெயர்

அலுமாரியைத் திறந்ததும் கரையான் மருந்தின் மணம் மூக்கில் ஏறியது, மேடம். நீங்கள் கண்ணை மூடி இரண்டு மாரி கடந்துவிட்டது; பூட்டிக் கிடக்கும் உங்கள் அலுவலக அறையில் அந்த மணம் மட்டும் போகவில்லை. "கரையானுக்குத் தின்னக் குடுத்திட்டு கோர்ட்டில என்னத்தைக் காட்டுறது, அண்ணை?" என்று நீங்கள்தான் அந்த மருந்தை அடிக்கச் சொன்னீர்கள்.

இன்று நானாக விரும்பித் திறக்கவில்லை. முந்தாநாள் புதிய எம்.பி.யின் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். காணாமல் போனவர்களின் தாய்மாரிடம் நீங்கள் எழுதி வாங்கிய வாக்குமூலங்களைத் தங்கள் எம்.பி. பாராளுமன்றச் சபையில் வாசிக்கப் போகிறாராம். "நம்பர் காணாது ஐயா, பேர் வேணும். பேர் இல்லாட்டி ஆர் நம்பப்போகினம்?" என்றார்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கிளிநொச்சியில் ஒரு மேசையும் இரண்டு கதிரையுமாக நீங்கள் சட்டத்தரணி அலுவலகம் திறந்தபோது, உங்களைவிடப் பதினைந்து வயது மூத்த என்னைக் கிளாக்கராக வைத்துக்கொண்டது ஊருக்கே சிரிப்பு. காணி வழக்குக்கு வரும் தாய்மார் வழக்குக் கதை முடிந்ததும் பிள்ளையின் கதையை எடுப்பார்கள். நீங்கள் கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். எழுதும் வாக்குமூலத்தில் பெயருக்குப் பதில் ஓர் இலக்கம் மட்டுமே இருக்கும். பெயர்கள் வேறொரு கொப்பியில். அந்தக் கொப்பி தர்மபுரத்தில், என் வீட்டு நெல் மூட்டைகளுக்குப் பின்னால். "இரண்டும் ஒரு கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது" என்பீர்கள். நீதிமன்றத்துக்குப் போகும் நாளில்கூட அந்தத் தாயிடம் கேட்காமல் பெயரைச் சேர்க்கமாட்டீர்கள்.

பிறகு தேர்தல் வந்தது. அந்தத் தாய்மார்தான் உங்களை வெல்ல வைத்தார்கள் என்று இன்றும் சொல்வேன். வென்றபின் கொழும்பு உங்களை விடவில்லை. கூட்டம், குழு, பயணம் என்று ஓடினீர்கள். ஒரு நாள் விடியவே என் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தீர்கள். "அண்ணை, ஒட்டுசுட்டான் அம்மாவின்ர முழுப் பேரைச் சொல்லுங்கோ. கெதியா." ஒட்டுசுட்டான் ஊரிலிருந்து வந்து மகனின் கதை சொன்ன அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டீர்களா என்ற கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது. எம்.பி.யிடம் கேள்வி கேட்பதா என்று விழுங்கிக்கொண்டேன். பெருமையும் இருந்தது, மறைப்பானேன். நான் சொல்லும் பெயர் நாட்டின் சபையில் ஒலிக்கப் போகிறதே.

அந்தப் பெயரை நீங்கள் சபையில் வாசித்ததைத் தேநீர்க் கடையில் கைத்தொலைபேசியில் பார்த்தோம். மகனைத் தன் கையாலேயே படையினரிடம் ஒப்படைத்த தாய் என்று சொல்லும்போது உங்கள் குரல் உடைந்தது. கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். நான்காம் நாள் அந்த அம்மாவின் படலையில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. வந்த இருவரும் பெயரைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு போனார்கள். அடுத்த கிழமையும் வந்தார்கள். நாம் போனபோது வீடு பூட்டியிருந்தது. முற்றத்தில் காயப்போட்ட நெல்லைக் கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன.

திரும்பும் வழியில், "சபைக்குள்ள சொன்னதுக்கு என்னை ஒருத்தரும் தொடேலாது, அண்ணை. அந்தச் சட்டம் அவாவுக்கு இல்லையெண்டதை நான் மறந்திட்டன்" என்றீர்கள். நோயில் கிடந்தபோதும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். நான் விழுங்கிய கேள்வியைப் பற்றிக் கடைசிவரை உங்களிடம் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

நேற்று ஒட்டுசுட்டானுக்கு பஸ் ஏறினேன். அந்த அம்மா திரும்பி வந்து அதே வீட்டில்தான் இருக்கிறார். என்னைக் கண்டதும் படலைக் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

"மகனைப் பற்றி ஏதும் அறிஞ்சனீங்களோ?"

"இல்லையம்மா. உங்கட பேரைத் திரும்ப வாசிக்கலாமோ எண்டு கேக்க வந்தனான்."

"மோட்டார் சைக்கிளில வந்தவையளும் என்ர பேரைத்தான் கேட்டவை. நீங்களும் அதைத்தான் கேக்கிறியள். அவன்ர பேரை ஒருத்தரும் கேக்கேல்லை."

அன்று சபையில் நீங்களும் 'மகன்' என்றுதான் சொன்னீர்கள், மேடம். அது எனக்கு நேற்றுத்தான் உறைத்தது.

"அவன்ர பேரை வாசிக்கச் சொல்லுங்கோ" என்றார்.

"அதை வச்சும் உங்களைத் தேடித் திரும்ப வந்திடுவினம், அம்மா."

"தெரியும் தம்பி. பயமாத்தான் இருக்கு. வாசிக்கச் சொல்லுங்கோ."

செயலாளருக்கு அந்த ஒரு பெயரைத்தான் கொடுத்தேன். மற்றவர்களுடைய வீடுகளுக்குப் போய்க் கேட்காமல் எதுவும் தரமுடியாது என்றேன். அவர் கோபத்தில் தொலைபேசியை வைத்துவிட்டார். வியாழக்கிழமை வாசிக்கிறார்களாம். ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் குசினிக்குள் போய் நின்றுகொள்கிறேன். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கொப்பியும் இந்தப் பயமும்தான்.

வியாழக்கிழமையிலிருந்து அந்த அம்மாவின் படலைக்குள் ஒரு கதிரையைப் போட்டு இருக்கப் போகிறேன். அவரிடம் கேட்டுவிட்டேன், சம்மதித்துவிட்டார். வருகிறவர்கள் முதலில் என் பெயரைக் கேட்கட்டும்.