மாசியில் இலங்கைக்கு

கணவர் பாண்டிதுரை திருவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். ராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனியில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு வந்த முனீஸ்வரி, காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினாள்.

"ஏங்க, மீன்குழம்பு ஃப்ரிட்ஜுல இருக்கு, சுட வச்சுக்கோங்க. நாளைக்கு கேஸ்காரர் வருவார்.

நான் இலங்கைக்குப் போறேன். பன்னெண்டு வருசமாக் கேக்கேன். சித்திரைன்னா வெயிலுங்கீங்க, ஆடின்னா ஆண்டாள் தேருங்கீங்க, ஐப்பசின்னா மழைங்கீங்க. மாசியில அங்க மழை கொறைச்சல், தெக்குக் கடலும் அமைதியா இருக்குமாம். அநுராதபுரத்துல இடிஞ்சு கெடக்க பழைய விகாரையெல்லாம் நடந்தே பாக்கலாம். அம்புட்டும் விசாரிச்சிட்டேன். நேத்தும் 'அடுத்த வருசம் பாப்போம்'னீங்க. நீங்க பாருங்க. எனக்கு இந்த மாசிதான்."

பேனாவை மூடினாள். மனசு கேட்கவில்லை. திறந்து, அடியில் நெருக்கி எழுதினாள்.

"உங்களுக்கும் விசா, டிக்கெட் எடுத்தாச்சு. நாளைக்குக் காலையில மதுரையில பிளேன். இன்னைக்கு அங்க தங்கச்சி வீட்டுலதான் இருப்பேன். வந்தா சேர்ந்து போவோம். வரலேன்னா, ஒத்தையில போகப் பயமாத்தான் இருக்கு. ஆனாலும் போவேன்."

பயம் என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று யோசித்தாள். அடிக்கவில்லை. தாளின் மேல் அவருடைய பாஸ்போர்ட்டை வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மதுரை பஸ்ஸுக்கு நடந்தாள்.