இருபத்தேழாம் எண் கண்ணாடி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் பூனை எழுதுவது. நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் பாதியிலேயே "சரிப்பா, வெச்சிடறேன்" என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் கடிதம். உங்கள் பஸ் பணிமனைக்கு வரும் காலை வண்டியில் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்களோடு வேலை செய்கிற நாற்பது பேரை இங்கே அழைத்து வருகிறீர்களாம். வண்டியையும் நீங்களே ஓட்டுகிறீர்களாம். "என் பொண்ணு வேலை பாக்குற கட்டடம், உலகமே வந்து பாக்குது" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறீர்களென்று அம்மா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் வேலை என்னவென்று உங்களுக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. இந்த வட்ட மண்டபம் ஆயிரம் வருடத்துக்கு மேல் நிற்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்புகூடக் கிடையாது. சுவர்களில் அறுபத்து மூன்று விரிசல்கள். ஒவ்வொன்றின் குறுக்கேயும் விரல் நீளத்துக்கு மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டியிருக்கிறோம். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். டார்ச் அடித்துப் பார்த்து எழுதுவதுதான் என் வேலை. "நாலு வருஷம் படிச்சது கண்ணாடி பாக்கவா?" என்று அத்தை கேட்டாளே, அதேதான்.

திங்கட்கிழமை மேற்குச் சுவரில் இருபத்தேழாம் எண் உடைந்திருந்தது. ஆனால் அதற்குச் சற்றுமுன், பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிவிடத் திரும்பியபோது என் பை அந்தச் சுவரில் உரசியது. உடைந்தது சுவராலா, பையாலா? பிள்ளைகளின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. பொறியாளரிடம் சொன்னேன். "பைய மாட்டிக்கிட்டு திரும்பியிருப்பே. புதுசா ஒட்டிடும்மா, அவ்வளவுதான்" என்றார். ஒட்டினேன்.

இன்று வியாழன். புதுக் கண்ணாடியில் ஒரு கோடு. இடப்பக்கம் நின்று டார்ச் அடித்தால் தெரிகிறது, வலப்பக்கம் போனால் இல்லை. பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, "கண்ணாடி பாக்குறதுக்கு உனக்கு ஒரு கண்ணாடி வாங்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வழிகாட்டி அண்ணன், துடைத்ததில் விழுந்த கீறலாக இருக்கும் என்றார். துடைத்ததும் நான்தான். துணியில் மணல் இருந்திருக்கலாம். எப்படிச் சுற்றினாலும் என்னிடமே வந்து நிற்கிறது.

நான் கொடுக்க வேண்டிய படிவத்தில் இரண்டே கட்டங்கள்: உடைந்தது, உடையவில்லை. பார்த்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். உடைந்தது என்று போட்டால் அன்றே மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள். அளவெடுக்கிற குழு வர இரண்டு வாரமாகும். உங்கள் நாற்பது பேரும் பூட்டைத்தான் பார்ப்பார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஏதோ சத்தம் கேட்கிறதென்று நடுவழியில் வண்டியை நிறுத்தினீர்கள். "என்ன டிரைவரே, தூக்கத்துல கனவா?" என்று ஒருவர் கத்தினார். நான் அவமானத்தில் இருக்கையோடு ஒட்டிக்கொண்டேன். மெக்கானிக் வந்து பார்த்து, ஒன்றுமில்லை என்றார். அதைப் பற்றி நான் உங்களிடம் கேட்டதேயில்லை. இப்போது கேட்கிறேன். உங்களுக்கு உண்மையாகவே சத்தம் கேட்டதா? மறுநாள் மறுபடி கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பீர்களா?

உங்கள் பதில் வருவதற்குள் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். மேற்கூரை முழுதாகத் தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான். வழிகாட்டி அண்ணன் எல்லோரையும் அங்கேதான் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்வார். அது மேற்குச் சுவரை ஒட்டிய இடம், இருபத்தேழாம் எண்ணுக்குப் பக்கத்திலேயே.

எனக்கு இன்னும் ஒன்றும் தெளிவாகவில்லை, அப்பா. ஆனாலும் ஞாயிறன்று அவசியம் வாருங்கள். எல்லோரையும் அழைத்து வாருங்கள். நான் வெளிப்படியில் உட்கார்ந்திருப்பேன். கதவு ஏன் பூட்டியிருக்கிறது என்று யாராவது கேட்டால், பூட்டச் சொன்னது என் பொண்ணு என்று சொல்லுங்கள். சொல்வீர்கள்தானே?

என்றும் உங்கள் அன்பு மகள்,
பூனை