யார் முதலில் அழுத்துவது

மார்ச் 3, திங்கள்

அண்ணி டீயோடு மாடிக்கு வந்து, "இன்னைக்கு உங்கண்ணன்கிட்ட வாயைக் கொடுக்காதே" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். நான் கொடுக்கவில்லை. படியிறங்கும்போது அண்ணனே கேட்டு வாங்கிக்கொண்டார்.

"என்ன, இன்னைக்குத்தான் முடிவா? உன் கம்ப்யூட்டர் வந்து கோழிக்குஞ்சுக்குத் தண்ணி காட்டப்போகுதா?"

"தண்ணியை நீ காட்டு. ஸ்டாம்புக்காக நீ வாசல்ல காத்துக் கிடக்க வேண்டாம்னுதான் சொல்றேன்."

அண்ணன் இறக்குமதிச் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஏஜென்ட். நான் அதே விமானச் சரக்குக் கிடங்கில் சுங்கக் கண்காணிப்பாளர். அவருடைய சரக்கு எதிலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை என்று எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருந்துகொண்டு இவ்வளவு காலம் தள்ளியதே பெரிய விஷயம்.

பதினொரு மணிக்கு ஆணையர் அறையில் கூட்டம். ஒப்புக்கொண்டுவிட்டார். இனி அனுப்பியவர் யார், எத்தனை பெட்டி, என்ன எடை என்பதை சுங்கத்துக்கு ஒரு தாள், கால்நடைப் பிரிவுக்கு ஒரு தாள், தாவரப் பிரிவுக்கு ஒரு தாள் என்று திரும்பத் திரும்ப எழுதி ஜன்னல் ஜன்னலாக ஓட வேண்டாம். ஒரே தடவை கம்ப்யூட்டரில் ஏற்றினால் போதும், எல்லாப் பிரிவும் ஒரே நேரத்தில் பார்க்கும். எல்லோரும் சம்மதம் என்று அழுத்திவிட்டால் விடுவிப்பு ஆணை தானாக வரும்.

"உயிருள்ளது, செடி, மருந்து, இந்த மூணுக்கு மட்டும்" என்றார் ஆணையர். "மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். நிக்கலைன்னா பழையபடி பேப்பர்தான். நீங்களும் குடோனுக்குத்தான்."

குடோன் என்றால் பறிமுதல் செய்த சரக்கு துருப்பிடிக்கும் இடம். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம்? போன வருஷம் அண்ணன் பொறுப்பில் வந்த குஞ்சுப் பெட்டிகள். பொரித்து ஒரே நாளான குஞ்சுகள், வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவின் பலத்தில் பயணம் தாங்கும், அதற்குமேல் தாங்காது. எல்லா முத்திரையும் வாங்கிப் பெட்டியைத் திறந்தபோது சத்தமே இல்லை. அண்ணன் கிடங்கு வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சுங்கம் கால்நடையைக் கைகாட்டியது, கால்நடை தாவரத்தைக் கைகாட்டியது. குஞ்சுக்கு அடியில் பரப்பிய வைக்கோலுக்குத் தாவரப் பிரிவின் சம்மதம் வேண்டும், அதனால். மறுநாள்தான் இந்தத் திட்டத்தை எழுத உட்கார்ந்தேன்.

அதை எழுதியவள் நான். குடோனுக்குப் போக மாட்டேன்.

மார்ச் 6, வியாழன்

பயிற்சி வகுப்பு. எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

தொடங்கிவிட்டோம். ஏஜென்ட்டுகள் முணுமுணுத்துக்கொண்டே விவரங்களை ஏற்றினார்கள். அண்ணன் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார். உதவிக்கு யாரையும் கிட்ட விடவில்லை. திரையில் வரிசையாக மஞ்சள் கட்டங்கள். மஞ்சள் என்றால் காத்திருக்கிறது, பச்சை என்றால் சம்மதம்.

சாயங்காலம் வரை எல்லாம் மஞ்சள்.

முதல் நாள்தானே. பழகுவார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

இன்றும் மஞ்சள். ஒன்றே ஒன்றுகூடப் பச்சையாகவில்லை.

மென்பொருள் எழுதிய பெண்ணை வரவழைத்தேன். காதிலிருந்து கழற்றவே மாட்டாள் என்பதால் கிடங்கு முழுக்க அவளுக்கு 'ஹெட்போன்' என்றே பெயர். எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "மேடம், சிஸ்டத்துல ஒரு கோளாறும் இல்ல. திறக்கிறாங்க, படிக்கிறாங்க, மூடிடறாங்க" என்றாள்.

"ஏன் மூடறாங்க?"

"அது சிஸ்டத்துக்குத் தெரியாது மேடம்."

மதியம் ஏஜென்ட்டுகள் சங்கம் திரண்டு வந்தது. தலைவர் என் அண்ணன். ஆணையர் முன்னால் என்னைப் பார்த்து, "மேடம் நல்ல எண்ணத்துலதான் செஞ்சாங்க சார். ஆனா சரக்கு நகரலையே" என்றார். மேடமாம். காலையில் நான் பல் துலக்கும் சத்தத்துக்குக் கீழேயிருந்து கத்திய வாய்.

செடிகள் வாடிக்கொண்டிருந்ததால், இது ஓடும் வரை சரக்கையெல்லாம் பழையபடி பேப்பரில் விடுவிக்கச் சொல்லிவிட்டார் ஆணையர். அண்ணனின் ஆட்கள் படிகளில் ஓடினார்கள். அவர்கள் முகத்தில் எவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 12, புதன்

கத்தினேன். எல்லோரிடமும். பிரயோஜனம் இல்லை.

மார்ச் 13, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். அவசரத்தில் கோணலாக எழுதுகிறேன், இருக்கட்டும்.

காலையில் கால்நடை டாக்டரின் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு ஜோடி நாய்க்குட்டிகளின் விவரம் வந்தது. திறந்தார். தடுப்பூசிச் சான்றிதழை வரி வரியாகப் படித்தார். "எல்லாம் சரியா இருக்கு" என்றார். மூடிவிட்டார்.

"சரியா இருந்தா அழுத்த வேண்டியதுதானே டாக்டர்?"

"தாவரப் பிரிவு இன்னும் போடலையே மேடம். கூண்டுல வைக்கோல் இருக்கே."

"வைக்கோலை அவங்க பாத்துப்பாங்க. நாய்க்குட்டி உங்களோடதுதானே?"

"ஆமா. அவங்க போடட்டும்."

தாவரப் பிரிவுக்குப் போனேன். அந்த அம்மா பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரை மடியில் வைத்துவிட்டு, "சுங்கம் இன்னும் போடலைங்களே" என்றார்.

சுங்கம் என்றால் நாங்கள்! என் பிரிவுக்கே ஓடி வந்தேன். எங்கள் இன்ஸ்பெக்டருக்கு எல்லோரும் வைத்த பெயர் 'நிதானம்'. அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வைக்காதவர். "கால்நடை போட்டதும் போட்டுடலாம்னு இருக்கேன் மேடம்" என்றார்.

மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தேன். தனியாக, பைத்தியம் மாதிரி. பின்னே என்ன செய்வது?

ஏதாவது தப்பானால், முதலில் கையெழுத்துப் போட்டவனுக்குத்தான் முதல் மெமோ வரும் என்பது எங்கள் அலுவலகங்களில் வேலைக்குச் சேர்ந்த அன்றே கற்றுக்கொள்ளும் பாடம். பேப்பரில் அடுத்தவர் போடட்டும் என்று காத்திருக்க வழியில்லை. கோப்பு ஒரு மேஜையில் கிடந்தால் ஏஜென்ட் வந்து அந்த மேஜை முன்னால் நிற்பான், போட்டுத்தான் ஆக வேண்டும். இப்போது கோப்பு எல்லோர் மேஜையிலும் ஒரே நேரத்தில் இருக்கிறது, எதிரே யாரும் நிற்பதில்லை. திரையின் வலப்பக்கத்தில், மற்ற பிரிவுகள் என்ன செய்தார்கள் என்று காட்டும் கட்டம் வேறு இருக்கிறது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று மூன்று பேரும் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தக் கட்டத்தைக் கேட்டு வாங்கியது யார்? நான்தான். எல்லோருக்கும் எல்லாம் தெரியட்டும் என்று.

மார்ச் 14, வெள்ளி

"அதை எடுத்துடு" என்றேன் ஹெட்போனிடம்.

"நீங்களே கேட்ட வசதி மேடம். அதுக்காக என்னை மூணு தடவை திட்டினீங்க."

"இப்போ எடுக்கச் சொல்லி நாலாவது தடவை திட்டணுமா?"

சரக்குக்குச் சொந்தக்காரனுக்கு எல்லாம் தெரிய வேண்டும். ஆனால் முடிவு எடுக்கிறவர் தன் முடிவைச் சொல்லும் வரை அடுத்தவர் முடிவு தெரியக் கூடாது. டாக்டரிடம் நாய்க்குட்டியைப் பற்றி மட்டும் கேள், தாவரத்திடம் வைக்கோலைப் பற்றி மட்டும் கேள். பதில் தவறானால் அந்தக் கேள்விக்கு மட்டும்தான் அவர் பொறுப்பு.

ஆணையர் இழுத்தார். "மறைக்கிறீங்களேன்னு கேட்டா? ஏதாவது தப்பாச்சுன்னா? யாரு சொன்னதுன்னு நான் சொல்றது?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க சார். எழுதியே தர்றேன்."

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும்போது பயமாகத்தான் இருந்தது. அறையை விட்டு வெளியே வந்ததும் பயம் போய், எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

மார்ச் 17, திங்கள்

பச்சை!

முதல் பச்சை கால்நடை டாக்டருடையது. அழுத்திவிட்டு, மற்றவர்களும் அழுத்தினார்களா என்று எட்டி எட்டிப் பார்த்தாராம், பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். தாவர அம்மா அடுத்தது. கடைசியாக நம் நிதானம், ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். மருந்துப் பெட்டிகள், ரோஜாக் கன்றுகள், ஒரு பூனை, எல்லாம் இன்றைக்கே வெளியே போயின. ஒருவரும் படியில் ஓடவில்லை.

ஹெட்போன் காதிலிருந்து அதைக் கழற்றிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேர் சாப்பாட்டை ஒருத்தியாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 19, புதன்

சனிக்கிழமை அண்ணனின் குஞ்சுகள் வருகின்றன. போன வருஷம் நஷ்டப்பட்ட அதே பண்ணைக்காரர் அண்ணனை நம்பி மறுபடி வரவழைக்கிறார்.

"பூனை போறது பெருசில்ல" என்றார் அண்ணன், படிக்கட்டில் என்னை மறித்து. "உன் சிஸ்டம் சனிக்கிழமை படுத்துடுச்சுன்னா குஞ்சுங்க செத்துடும். நான் எல்லாத் தாளையும் ரெடி பண்ணி, ஆளுங்களையும் நிறுத்தி வைக்கப்போறேன்."

"வை. வேண்டாம்னு யாரு சொன்னா?"

போகாமல் நின்றார். பிறகு வேறு குரலில், "சரி, படுக்கல. நல்லாவே ஓடுதுன்னு வை. அப்போ நான் எதுக்கு?" என்றார்.

மேலே வந்து அழுதேன். அவரைத் தோற்கடிக்க வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

மார்ச் 22, சனி

மூச்சு விட்டு எழுதுகிறேன்.

விமானம் அங்கே கிளம்பும்போதே விவரங்கள் திரைக்கு வந்துவிட்டன. டாக்டர் நேற்றே சான்றிதழ்களைப் படித்து முடித்திருந்தார். இறங்கியதும் பெட்டிகளைப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

அண்ணன் கிடங்கு வாசலில் நின்றார். கக்கத்தில் தாள் கட்டு, பின்னால் அவருடைய ஆட்கள், ஓட்டப் பந்தயத்துக்கு வந்தவர்கள் போல.

வண்டி பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கும் முன்பே சத்தம் கேட்டது. கீச்சென்றால் கீச்சு, காதைப் பிய்க்கும் கீச்சு. போன வருஷம் கேட்காத சத்தம். டாக்டர் மூடியைத் தூக்கினார். மஞ்சள் மஞ்சளாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, எல்லாம் அவரையே திட்டின. சிரித்துக்கொண்டே கையிலிருந்த டேப்லெட்டில் அழுத்தினார். தாவர அம்மா ஒரு பிடி வைக்கோலை எடுத்து வெளிச்சத்தில் உதறிப் பார்த்துவிட்டு அழுத்தினார். நிதானம் வாழ்க்கையில் முதல் தடவை அவசரப்பட்டார்.

லாரியில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் டாக்டரிடம் ஓடினார்.

"சார், ஸ்டாம்ப்?"

"போட்டாச்சே."

"எங்க?"

டாக்டர் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். அண்ணன் அதைப் பார்த்தார், கையிலிருந்த கட்டைப் பார்த்தார், வாயிலைத் தாண்டிப்போகும் லாரியைப் பார்த்தார். அவருடைய டீ ஆறுவதற்குள் சரக்கு போய்விட்டது.

பிறகு பண்ணைக்காரருக்கு போன் போட்டார். "வந்துகிட்டே இருக்கு. உயிரோட. ஆமா, எல்லாமே உயிரோட" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

சொல்ல வேண்டாம். அவர் குரலைக் கேட்டேனே.

மார்ச் 31, திங்கள்

ஆணை வந்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து எல்லாச் சரக்குக்கும் இந்த ஒரே வழிதான். பேப்பர் ஜன்னல்களை மூடுகிறார்கள். ஆணையர் எல்லோர் முன்னிலையிலும், "மேடம் இல்லைன்னா இது நடந்திருக்காது" என்றார். அடக்கமாக மறுத்துப் பேச வேண்டும் என்று தோன்றியது. மறுக்கவில்லை. உண்மைதானே.

ஜெயித்துவிட்டேன். இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன்: ஜெயித்துவிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அண்ணி சொன்ன செய்தி. பண்ணைக்காரர் மூலம் அண்ணனுக்கு இன்னும் மூன்று பண்ணைகளின் வேலை வந்திருக்கிறதாம். முத்திரைக்கு ஓடிய ஆட்களில் இருவர் விவரம் ஏற்றக் கற்றுக்கொள்கிறார்கள், மற்றவர்கள் லாரியோடு பண்ணை வரை போகிறார்கள். "மனுஷன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர்றாரு. கல்யாணமான நாள்லேருந்து இப்படி வந்ததில்ல. எனக்குத்தான் சமைச்சு மாளல" என்றார் அண்ணி. குறைப்பட்டுக்கொள்வது போலத்தான் சொன்னார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். படி அதிர அண்ணன் ஏறி வந்தார், மூச்சு வாங்க, முகம் சிவந்து.

"உன் சிஸ்டம் நின்னு கால் மணி நேரமாச்சு. தெரியுமா உனக்கு?"

"இன்னைக்குப் பராமரிப்பு. முன்னாடியே செய்தி அனுப்பினோமே."

"பராமரிப்பாவது ஒண்ணாவது! மூணு பண்ணைக்கு நாளைக்குக் குஞ்சு வருது, நான் எங்க போய் ஏத்தறது? பேப்பரைத் தூக்கிட்டு மாடி மாடியா ஓடச் சொல்றியா? ஒரு பொறுப்பு வேண்டாம்? சங்கத்துலேருந்து எழுதிக் குடுக்கப்போறேன், இது ராப்பகலா ஓடணும், ஒரு நிமிஷம் நிக்கக் கூடாதுன்னு."

"எழுதிக் குடுங்க தலைவரே" என்றேன்.

முறைத்தார். சிரித்தால் அவ்வளவுதான் என்று, ஈரப் போர்வையை இரண்டு கையாலும் தூக்கி முகத்துக்கு நேராக உதறிக் கொடியில் போட்டேன். அதற்குப் பின்னால் நின்றுகொண்டே ஹெட்போனுக்கு போன் போட்டு, சீக்கிரம் முடிக்கச் சொன்னேன்.