பிலோமினா பிடித்த பிரேக்

வியாழன், 12 ஜூன் 2003
காலையில் தூறல். மூன்று வருடமாகக் கழற்றிக் கழுவிப் பூட்டிய என் ஜப்பான் குதிரை (பழைய மோட்டார் சைக்கிள்) இன்று உறுமியது. பெங்களூர் விவேக் நகரே எழுந்து நின்று சல்யூட். எதிர்வீட்டுக் கன்னடக்காரன் மஞ்சு ஜன்னலைச் சாத்தினான். அதுவும் மரியாதைதான்.

பாக்கி முன் பிரேக் மட்டும். ஆயில் குழாயில் காற்று. அழுத்தினால் லிவர் பஞ்சு.

முன்பு இதே பிரேக் பிடிக்காமல்தான் பி.யோடு (பிலோமினா, தர்மபத்தினி, ஆஸ்பத்திரி நர்ஸ்) பூக்கடைக்குள் புகுந்தேன். மல்லிகை, ரோஜா, நாங்கள். அன்று சொன்னாள்: "இனிமே இந்த வண்டில ஏறுனா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க." அதிலிருந்து கோயிலுக்கு ஆட்டோதான்.

ஞாயிறு சர்ச்சில் எங்கள் 25ஆம் கல்யாண நாள் பூசை. ஏற்றிக்கொண்டு போகாவிட்டால் நான் ஆண்பிள்ளையே இல்லை.

வெள்ளி, 13
வெயில். லிவரைப் பிடி, காலிப்பர் (சக்கரத்தை நிறுத்தும் கவ்வி) திருகைத் திற, காற்று ஊறுகாய் பாட்டிலுக்குள் வரட்டும், மூடு, லிவரை விடு. நாற்பது தடவை. (பி.யிடம் நாலாயிரம் என்றேன்.) இன்னும் பஞ்சு.
மஞ்சு: "ஏனு சார், மூணு வருஷ கர்ப்பம், இன்னும் டெலிவரி ஆகலியா?"
"யானைக்குட்டிப்பா. லேட்டாத்தான் வரும்."

சனி, 14
மேகமூட்டம். டூட்டி முடிந்து வந்த பி., கைப்பையைக்கூட வைக்காமல் குனிந்து பார்த்தாள்.
"காத்து எந்தப் பக்கம் போகும்?"
"மேல."
"நீங்க திறக்குற திருகு?"
நான் வானத்தைப் பார்த்தேன்.
"சிரிஞ்சுல காத்து எடுக்க ஊசிய மேல தூக்குவோம். நீங்க தரையப் பாத்துப் புடிச்சிருக்கீங்க. நல்லவேளை, உங்ககிட்ட பேஷன்ட் யாரும் மாட்டல!"

உண்மை. சிவாஜிநகர் பழைய சாமான் கடையில் வாங்கிய வேறு வண்டிக் காலிப்பர். என் வண்டியில் மாட்டினால் திருகு கீழே. கழற்றி, பிரேக் கட்டைகளுக்கு நடுவில் மரத்துண்டு செருகி, தலைகீழாகத் தூக்கினேன். பி. லிவரில்.
"பிடி."
"பிடிச்சாச்சு."
"விடு."
நடுவே ஆயில் குழாயை டிரிப்ஸ் குழாய்போல் விரலால் தட்டினாள். வந்ததே ஒரு குமிழி! பலாப்பழ சைஸ். லிவர் கல்லானது. மாட்டிவிட்டுத் தெருவை எட்டுமுறை சுற்றினேன். எட்டுமுறையும் நின்றது.

ஞாயிறு, 15
பளிச் வெயில். பி. பட்டுப்புடவையில். ஆட்டோ கூப்பிடவில்லை. தோளைப் பிடித்து ஏறினாள்.

கோயில் வாசலில் குறுக்கே நாய். லிவரில் இரண்டே விரல். பூமி சுற்றுவதே நின்றது. பி. மூக்கு என் முதுகில். நாய்க்கு ஒரு மயிர்கூடக் கலையவில்லை.
மெழுகுவர்த்திக்காரர்: "அண்ணே, என்னா பிரேக்குண்ணே!"
மார்பு விரிந்து சட்டைப் பொத்தான் தெறிக்கப் பார்த்தது. இறங்கியவளிடம் கேட்டேன்: "இப்ப உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறது?"
முந்தானையைச் சரிசெய்தாள்.
"ஹெட் மெக்கானிக்."