ஆறு நாற்காலிகளை ஆறு நிலைகளாக்கிய ஆணை குறித்து

அனுப்புநர்:
பரிசோதகர் (இரண்டாம் நிலை),
குடிநீர்ப் பரிசோதனைக் கூடம்,
இரண்டாம் மாடி, பின்கட்டு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
குடிநீர் வழங்கல் துறை,
முதல் மாடி, முன்கட்டு.

பொருள்: முதுநிலைப் பரிசோதகர் பணியிடங்கள் ஆறும் ஆறு தனி நிலைகளாகப் பிரிக்கப்பட்டது – ஒதுக்கீட்டு இடம் காணாமற்போனது – எனக்குக் குறிப்பாணை வழங்கப்பட்டது – ஆணையை ரத்து செய்யக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்கும் எனக்கும் இடையே ஒரு மாடிதான் தூரம். ஆயினும் முறைப்படி மேல் அலுவலர்கள் மூன்று பேர் வழியாகவே இம்மனுவை அனுப்புகிறேன். மூவரும் படித்துவிட்டுத் தங்களிடம் எதையாவது மாற்றிச் சொல்லக்கூடும் என்பதால் விவரத்தைத் தெளிவாகவே எழுதுகிறேன்.

1. இக்கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். ஊரார் குடிக்கும் தண்ணீரைப் புட்டியில் எடுத்து வருவார்கள். அதில் கிருமி உண்டா, கலங்கல் எவ்வளவு, குளோரின் போதுமா என்று பார்ப்பது எங்கள் வேலை. பார்ப்பது இரண்டாம் நிலைப் பரிசோதகர்கள். கையெழுத்திடுவது முதுநிலைப் பரிசோதகர்கள். அந்த முதுநிலைப் பதவிக்கான நேர்காணலுக்கு நான்கு முறை போயிருக்கிறேன். நான்கு முறையும் "இன்னும் கொஞ்சம் அனுபவம் வேண்டும்" என்று திருப்பி அனுப்பினார்கள். என்னிடம் தொழில் கற்றுக்கொண்ட மூவர் அதே நேர்காணலில் தேறி இன்று என் அறிக்கைகளில் கையெழுத்திடுகிறார்கள். அவர்களுக்கு அனுபவம் எந்தக் கடையில் கிடைத்ததோ, நான் அறியேன்.

2. விதி இதுதான். ஒரே நிலையில் உள்ள பணியிடங்களைச் சேர்த்து எண்ண வேண்டும். ஆறாவது இடம் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு. ஒரு நிலையில் ஒரே ஒரு பணியிடம்தான் இருக்கிறது என்றால் அதற்கு ஒதுக்கீடு கிடையாது. முதுநிலையில் ஐந்து இடங்கள் பொதுவில் நிரம்பிவிட்டன. ஆறாமவர் சென்ற மாதத்துக்கு முந்திய மாதம் ஓய்வு பெற்றார். அந்த ஆறாவது இடத்துக்குத் தகுதி உள்ள ஒதுக்கீட்டுப் பிரிவினர் இக்கூடத்தில் நான் ஒருத்திதான். இன்னும் பத்து மாதத்தில் நானும் ஓய்வு பெறுகிறேன். இந்த இடம் போனால் எனக்கு வேறு இடம் இல்லை.

3. அந்த ஆறாமவர் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன மறுநாளே எங்கள் கண்காணிப்பாளர் என்னை அழைத்தார். முதுநிலையாளர் ஆறு பேரின் வேலைக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதித் தரச் சொன்னார். வேறுபாடு ஒன்றுமில்லை, வாரம் ஒருவராக முறை வைத்து எல்லோரும் எல்லாப் பரிசோதனைக்கும் கையெழுத்திடுகிறார்கள், சுவரில் தொங்கும் பலகையே சாட்சி என்றேன். "அதெல்லாம் எனக்கும் தெரியும்மா. மேல கேக்கறாங்க. ஏதாவது வித்தியாசம் எழுதிக் குடு" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு தாளை எடுத்து, ஒருவர் சன்னலோரம் உட்காருகிறார், ஒருவர் கழுவுதொட்டிக்குப் பக்கத்தில், ஒருவர் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில், ஒருவர் வாசலை அடைத்துக்கொண்டு, ஒருவர் மின்விசிறிக்கு நேர் கீழே, ஆறாவது நாற்காலி அலமாரியை ஒட்டிக் காலியாகக் கிடக்கிறது, இதைத் தவிர வேறு வித்தியாசம் என் கண்ணில் படவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். நக்கல் என்று எந்தக் குழந்தைக்கும் புரியும் என நினைத்தேன். தங்கள் அலுவலகத்தில் குழந்தைகள் பணிபுரிவதில்லை என்பதை மறந்துவிட்டேன்.

4. பன்னிரண்டு நாளில் ஆணை வந்தது. முதுநிலைப் பரிசோதகர் (சன்னல் பகுதி). முதுநிலைப் பரிசோதகர் (கழுவுதொட்டிப் பகுதி). குளிர்பெட்டிப் பகுதி. நுழைவாயில் பகுதி. மின்விசிறிப் பகுதி. அலமாரிப் பகுதி. "பணியின் தன்மை அடிப்படையிலேயே மாறுபடுவதால்" ஆறும் ஆறு தனி நிலைகளாம். நிலைக்கு ஒரு பணியிடம். ஆகவே ஒதுக்கீடு எதற்கும் பொருந்தாதாம். அடியில் தங்கள் கையொப்பம், பச்சை மையில், அழகாகவே இருக்கிறது.

இத்தனை பெரிய படிப்பு படித்தவர்கள் இத்தனை பேர் உட்கார்ந்து யோசித்து, கடைசியில் என் கிறுக்கலைத்தானா அரசாணை ஆக்க வேண்டும்? சொந்தமாக ஒரு பொய் எழுதக்கூடவா ஆளில்லை? விஷயத்தை வீட்டில் சொன்னேன். "நக்கலை வீட்டோட வச்சுக்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? இப்ப உன் பதவிக்கு நீயே குழி தோண்டிட்டு வந்து நிக்கற" என்றார் என் வீட்டுக்காரர். அவர் சொன்னது சரிதான். அன்று இரண்டு வேளையும் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

5. ஆணைக்குப் பொருத்தம் காட்ட வேண்டுமே, அதற்காக ஆளுக்கு ஒரு பரிசோதனை என்று பங்கு போட்டார்கள். கிருமிப் பரிசோதனை குளிர்பெட்டிப் பகுதிக்கு. இனி அதில் அவர் மட்டுமே கையெழுத்திடலாம். வாரமுறைப் பலகையைக் கழற்றிப் பழைய சாமான் அறையில் போட்டுவிட்டார்கள்.

சென்ற வாரம் குளிர்பெட்டிப் பகுதியாரின் மனைவிக்குப் பிரசவம். ஐந்து நாள் விடுப்பு எடுத்தார். அதில் குறை சொல்ல மாட்டேன். அவர் விடுப்பில் போன அன்றே ஒரு தொடக்கப் பள்ளியின் குடிநீர்த் தொட்டியிலிருந்து முப்பத்தொரு புட்டிகள் வந்தன. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று தலைமையாசிரியை குறிப்பு வைத்திருந்தார். அன்றே பரிசோதனைக்கு வைத்தேன். இரண்டு நாளில் ஒன்பது புட்டிகளில் கிருமி. கையெழுத்துப் பெற்ற அறிக்கை இல்லாமல் தொட்டியைப் பூட்ட முடியாது. மீதி நான்கு முதுநிலையாளர்களிடமும் தாளை நீட்டினேன். போன மாதம்வரை அதே பரிசோதனையில் கையெழுத்திட்டவர்கள்தான் நால்வரும். மின்விசிறிப் பகுதியார் மட்டும் வாய்விட்டுச் சொன்னார்: "மேடம், நான் ஃபேனுக்குக் கீழ கையெழுத்துப் போடறவன். ஃப்ரிட்ஜ் பக்கம் வந்தா என் வேலை போயிடும்." அவர் கேலி செய்யவில்லை, உண்மையிலேயே பயந்து போயிருந்தார். கண்காணிப்பாளர், தங்களிடம் விளக்கம் கேட்டுக் கோப்பு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். அந்தக் கோப்பு இன்னும் திரும்பவில்லை.

நான் கையெழுத்திட்டேன். என் பதவியின் பெயரை எழுதி, என் கையெழுத்தையே இட்டேன். தலைமையாசிரியைக்குத் தொலைபேசியிலும் சொன்னேன். அரை மணி நேரத்தில் தொட்டியைப் பூட்டினார்கள்.

6. மறுநாள் எனக்குக் குறிப்பாணை வந்தது. "தமது நிலைக்கு அப்பாற்பட்டுக் கையொப்பமிட்டமைக்கு" ஏழு நாளில் விளக்கம் தர வேண்டுமாம். குற்றம் உறுதியானால் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்தே என் பெயர் நீங்கும். ஒரு கோப்பைத் திருப்பி அனுப்ப முடியாத அலுவலகம் குறிப்பாணையை ஒரே இரவில் அச்சடித்திருக்கிறது. இந்தச் சுறுசுறுப்பைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

அதற்கான விளக்கத்தையும் இதிலேயே தந்துவிடுகிறேன். தனித் தாள் எதற்கு வீணாக? ஆம், கையெழுத்திட்டேன். அதிகாரம் உள்ள நால்வர் அந்த அறையில் இருந்தார்கள். அவர்கள் அதிகாரத்தைத் தங்கள் ஆணை பிடுங்கிவிட்டது. என்னிடம் பிடுங்கிக்கொள்ள எதுவும் இல்லாததால் துணிந்துவிட்டேன்.

7. ஆகவே தாங்கள் மூன்று காரியங்கள் செய்ய வேண்டும். நிலைகளைப் பிரித்த ஆணையை ரத்து செய்து, ஆறு பணியிடங்களையும் முன்போல ஒரே நிலையாக அறிவிக்க வேண்டும். காலியாக உள்ள ஆறாவது இடத்தை விதிப்படி, நான் ஓய்வு பெறும் முன், ஒதுக்கீட்டில் நிரப்ப வேண்டும். குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டும். இவற்றில் எதையும் செய்ய மனமில்லை என்றால், எங்கள் ஆளொருத்தி அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதுதான் காரணம் என்று ஒரே வரியில் எழுதித் தாருங்கள். அதற்கு ஆறு நிலைகள் தேவைப்படாது.

தொட்டியைக் கழுவிய பின் அந்தப் பள்ளியின் மறுமாதிரி வரும் வியாழக்கிழமை வருகிறது. குளிர்பெட்டிப் பகுதியார் விடுப்பை நீட்டித்திருக்கிறார். யார் கையெழுத்திடுவது என்பதைப் புதன்கிழமைக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். பதில் வராவிட்டால் நானே இடுவேன். இரண்டாவது குறிப்பாணையை இப்போதே அச்சடித்து வைத்துக்கொள்ளலாம்.

நடவடிக்கையை எதிர்பார்த்து,

(ஒப்பம்)
பரிசோதகர், இரண்டாம் நிலை

இடம்: பரிசோதனைக் கூடம்
நாள்: 14ஆம் தேதி, திங்கட்கிழமை