சன்மரினோவிலை எண்டால் கேட்டிருப்பினம்

மார்கழி 23, 1957
பின்னேரம் நாலு இருபதுக்குச் சேதி வந்தது. வண்டில்காரப் பக்கீர் நானா நனைஞ்சபடி வந்து சொன்னார். என்ரை மனிசி பத்மாசனி இல்லை. வயித்துப் பிள்ளையும் இல்லை. ஆசுபத்திரிக்குப் போற வழியிலை, வான் தண்ணி றோட்டுக்கு மேலாலை ஓடுற தாம்போதியிலை, வண்டிலை வெள்ளம் அடிச்சுக்கொண்டு போட்டுது.
மூண்டு மணிக்கு, குளம் நிரம்பினவுடனை, வான்கதவைத் துறக்கச் சொன்னது நான். குளத்து ஓவசியர்.

மார்கழி 30
எட்டுச் செலவு, எட்டாம் நாள் சடங்கு. அவளின்ரை தமையன் நடராசா வந்தார். வவுனியாவிலை ஒரு பிறக்கிராசி வக்கீலிட்டைக் கிளாக்கர், சட்டச் சோதினைக்குப் படிக்கிறார். செத்தவீட்டுக்கும் புத்தகம்! என்ரை மனம் மாறட்டுமெண்டு சன்மரினோவின்ரை அரசியல் யாப்புச் சரித்திரம் சொன்னார். இத்தாலிக்கு நடுவிலை ஒரு மலை, பதினையாயிரம் சனம். ஆயிரத்து அறுநூறாம் ஆண்டு எழுதின சட்டம் இண்டைக்கும் நடக்குதாம். ஒருத்தரை ஒருத்தர் மறிக்க ரெண்டு தலைவர்மார், ஆறு மாசம்தான் பதவி. பொம்பிளையளுக்கு வோட்டு இல்லை. பெரிய குடியரசு. தூ.

தை 4, 1958
நீர்ப்பாசனக் கந்தோர்க் கடிதம். குளக்கட்டைக் காப்பாத்தினதுக்குப் பாராட்டாம். மடையர் கூட்டம். கதவு துறக்க முந்தித் தாம்போதிக்கு ஆள் அனுப்பி வண்டிலுகளை மறிக்கவேணும், அது சட்டம். நான் அனுப்பேல்லை. அனுப்பினனியோ எண்டு ஒருத்தனும் கேக்கேல்லை.

தை 5
மழை. ஒண்டும் செய்யேல்லை.

தை 19
நடராசா திரும்பவும் அதே மலையோடை. தலைவர்மார் பதவியாலை இறங்கின கையோடை, சில நாளுக்கு, ஆரும் அவையளிலை முறைப்பாடு குடுக்கலாமாம். செய்ததுக்கும், செய்யாமல் விட்டதுக்கும்.
"செய்யாமல் விட்டதுக்குமோ?"
"ஓம் மச்சான். இஞ்சை எங்கடை ஊர் அதிகாரி விதானையாரைக் கேட்டுப் பாரும் பாப்பம்!" எண்டு சிரிச்சார்.
எனக்குச் சிரிப்பு வரேல்லை. இஞ்சை ஆர் கேக்கினம்? எல்லாத்துக்கும் "தலைவிதி" எண்டிட்டுச் சோறு தின்னுற சனம்.

தை 26
என்னிலை நானே முறைப்பாடு எழுதி நடராசாவிட்டைக் குடுத்தன். ரெண்டு தரம் வாசிச்சார்.
"அண்டைக்கு ஆள் அனுப்பேல்லையோ?"
"இல்லை."
"மறந்தனீரோ?"
"குளக்கட்டை மட்டும்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."
கீழை இருந்த என்ரை பேரை வெட்டித் தன்ரை பேரை எழுதிக் கையெழுத்து வைச்சார். போகேக்கை மச்சான் எண்டு சொல்லேல்லை. தேத்தண்ணி அப்பிடியே கிடந்தது.

மாசி 3
கந்தோர் எஞ்சினியர் காலமையிலையிருந்து மூண்டு தரம் ரெலிபோன் எடுத்திட்டார். "மச்சானோடை கதைச்சு முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கச் சொல்லும், கனகலிங்கம். உது வீட்டுக்குள்ளை முடிக்கிற விசயம்." இவையளும் ஒரு தேசம் நடத்துகினம்!
ஒருத்தர் கேட்டிட்டார். இனி நான் பதில் சொல்லவேணும்.
ரெலிபோன் வயரைக் கழட்டி விட்டிட்டன்.